வளைந்த ஊசிக்கு முன்னும் பின்னும்: வெல்ட் ஷூ செய்யும் எந்திரங்கள்

வெல்ட் ஷூ ஒன்றை எடுத்து ஓரத்தைப் பாருங்கள். மேல்தோலைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோல் வாரின் மேல் ஒரு தையல் வரிசை தெரியும். ஷூவைத் தாங்கி நிற்பது அந்தத் தையல்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது மேல்தோலைத் தொடுவதே இல்லை. வாரையும் அடியிலுள்ள சோலையும் மட்டும்தான் சேர்க்கிறது. மேல்தோலை உண்மையில் பிடித்திருக்கும் தையல் உள்ளே, கார்க் நிரப்பலை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் ஓடுகிறது. இந்த இரண்டு தையல்களும் சந்திக்கும் இடம் அந்த வார். அதற்குத்தான் வெல்ட் என்று பெயர்.

சோல் தேய்ந்தால் வெளித் தையலை அறுத்துவிட்டுப் புதுச் சோல் தைக்கலாம். உள் தையலுக்கு ஒன்றும் ஆகாது. வெல்ட் ஷூவின் மதிப்பு முழுக்க இந்த ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது. அதைச் செய்ய ஒரு எந்திரம் போதாது, நீண்ட வரிசையே வேண்டும். வரிசையின் நடுவில் நிற்கும் வெல்ட் தைக்கும் எந்திரத்தைத்தான் எல்லோரும் புகைப்படம் எடுப்பார்கள். ஆனால் அங்கே தெரியவரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. ஊசி உடைந்தாலோ தையல் விட்டுப்போனாலோ அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பார்ப்பது அதற்கு முந்தைய மூன்று எந்திரங்களை.

லாஸ்ட் உள்ளே இருக்கும்போது எப்படித் தைப்பது?

ஷூ உருவாவது லாஸ்ட் எனப்படும் கால் வடிவ அச்சின் மேல். அப்பர், அதாவது மேல்பாகம் முழுவதும், அந்த அச்சின் மேல் இழுத்து இறுக்கப்பட்டிருக்கும். தைக்கும்போது அச்சு உள்ளேயே இருந்தால்தான் வடிவம் குலையாது. ஆனால் அச்சு உள்ளே இருந்தால் ஊசி நேராகப் போய் மறுபக்கம் வர வழியில்லை. கையால் தைத்தவர்கள் இதை வளைந்த குத்தூசியால் சமாளித்தார்கள். கால் படும் உள் அடித்தோலான இன்சோலின் அடிப்பக்கத்தில் ஓரத்தை ஒட்டி ஒரு மேட்டைச் செதுக்கி விடுவார்கள். குத்தூசி அந்த மேட்டில் பக்கவாட்டில் நுழைந்து, வளைந்து, அப்பரையும் வெல்ட்டையும் துளைத்து வெளியே வரும். அந்தத் துளையில் மெழுகிட்ட நூலின் இரு முனைகளும் எதிரெதிராகப் போய் இறுகும். இன்சோலின் மேற்பரப்பு வரை துளை போகாது. கால் படும் இடத்தில் நூலே இருக்காது.

எந்திரக்காரர்கள் முதலில் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லைமன் பிளேக் 1858-ல் காப்புரிமை பெற்ற எந்திரம் லாஸ்ட்டை வெளியே எடுத்துவிட்டு, கொம்பு போன்ற ஒரு கையை ஷூவுக்குள் நுழைத்து, இன்சோல், அப்பர், சோல் எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் குத்தித் தைத்தது. கார்டன் மெக்கே அதை வாங்கிப் பரப்பினார். வேகமான, மலிவான வழி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ராணுவத்துக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் தையல் காலுக்குக் கீழேயே வருகிறது. சோலில் பட்ட ஈரம் நூல் வழியே உள்ளே ஏறும். சோல் மாற்றவும் அதே கொம்பு எந்திரம் வேண்டும்.

வளைந்த ஊசியை எந்திரத்தில் பொருத்திப் பார்த்தவர் ஆகஸ்ட் டெஸ்டோய். 1862-ல் அவர் பெற்ற காப்புரிமையை வாங்கி, மெக்கானிக்குகளை வைத்துப் பல ஆண்டுகள் திருத்தியவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி வலுவாக்கும் முறையைக் கண்டுபிடித்த குட்இயரின் மகன். டயர் கம்பெனிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. எந்திர வெல்ட்டுக்கு ஜூனியரின் பெயரால் வந்த குட்இயர் வெல்ட் என்ற பெயரைக் கேட்டதும் ரப்பர் சோல் என்று எண்ணிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. 1869-லும் அடுத்த சில ஆண்டுகளிலும் குட்இயர் ஜூனியர் பெற்ற காப்புரிமைகளின் மேல்தான் இன்றைய வெல்ட் எந்திரம் நிற்கிறது.

ரிப்: எல்லாம் தொங்குவது இதன் மேல்

கையால் செதுக்கிய அந்த மேட்டின் இடத்தில் எந்திர ஷூவில் இருப்பது ரிப். இதைச் செய்ய இரண்டு வழிகள்.

பழைய வழியில் சேனல் வெட்டும் எந்திரம், கெட்டியான தோல் இன்சோலில் இரண்டு கீறல் போடும். ஒன்று விளிம்பிலிருந்து உள்நோக்கி, மற்றொன்று தட்டைப் பரப்பிலிருந்து வெளிநோக்கி. இரண்டு உதடுகளையும் நிமிர்த்தி, முதுகோடு முதுகாக ஒட்டி, மேலே கேன்வாஸ் துணி போர்த்தி வலுவூட்டுவார்கள். கத்தி ஆழமாகப் போனால் உதட்டின் அடி மெலிந்து, தைத்த பின் கிழியும். மேலோட்டமாகப் போனால் உதடே மெலிதாகி ஊசிக்குப் பிடிமானம் இருக்காது. தோலின் தடிமன் இன்சோலுக்கு இன்சோல் மாறினால் ஆழமும் மாறும். அதனால் எல்லா இன்சோலையும் முதலில் ஒரே தடிமனுக்குச் சீவியாக வேண்டும்.

பின்னால் வந்த வழி ஜெம்மிங். கேன்வாஸால் ஆன தலைகீழ் ‘T’ வடிவ நாடாவை இன்சோலின் அடியில் பசையால் ஒட்டிவிடுவது. இன்று எந்திர வெல்ட் ஷூக்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் செய்யப்படுகின்றன. இன்சோல் அவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டியதில்லை. ரிப்பின் உயரம் சுமார் 5, 6 மில்லிமீட்டரில் எங்கும் சீராக இருக்கும். இதன் பலவீனமும் வெளிப்படையானது: ஷூவின் மேல்பாகம், வெல்ட், சோல் எல்லாம் கடைசியில் ஒரு பசை வரிசையை நம்பித்தான் இன்சோலோடு சேர்ந்திருக்கின்றன. பசை சரியாகக் காயாமலோ பழசாகியோ விட்டுப்போனால் நாடா நகரும், இன்சோல் உள்ளே மிதக்கும், ஷூ வடிவம் இழக்கும். கையால் வெல்ட் தைப்பவர்கள் எந்திர ஷூவைக் குறை சொல்லும்போது முதலில் சுட்டுவது இதைத்தான். குறை நியாயமானது. அதற்காக எல்லா ஜெம்மிங்கும் பிரிந்துவிடும் என்பதும் இல்லை. ஒழுங்காக ஒட்டியது பல சோல்களைக் கடந்து நிற்கும்.

விளிம்பிலிருந்து ரிப் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பது அடுத்த கணக்கு. முன்பாகத்தில் பொதுவாக 5, 6 மில்லிமீட்டர். விளிம்புக்கு மிக அருகில் வந்தால் வெல்ட் வெளியே பிதுங்கி ஷூ அகலமாகத் தெரியும். உள்ளே தள்ளிப் போனால் வெல்ட்டின் பெரும்பகுதி அப்பருக்கு அடியில் போய், வெளித் தையலுக்கு இடம் குறையும். நாடா ஒட்டுபவர் வளைவில் 2 மில்லிமீட்டர் தவறினால் அது தெரியவருவது ஏழெட்டு எந்திரம் தாண்டி, ஓரம் வெட்டும் இடத்தில். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

லாஸ்டிங்: கடைசிவரை கையை விடாத வேலை

வெட்டுவதும் தைப்பதும் எந்திரத்துக்கு மாறிய பிறகும், அப்பரை லாஸ்ட்டின் மேல் இழுத்து இறுக்குவது நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. தோலின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி இழுபடும். அதைக் கை உணர்ந்தே இழுக்கும். மாசசூசெட்ஸின் லின் நகரத்தில் லாஸ்டர்கள் மற்ற தொழிலாளர்களைவிட அதிகக் கூலி வாங்கியதும், எந்திரம் தங்களை அசைக்க முடியாது என்று நம்பியதும் இதனால்தான்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஜான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். தென் அமெரிக்காவின் சுரினாமில், பரமரிபோவில் 1852-ல் பிறந்த கறுப்பின மெக்கானிக். லின் நகரத்து ஷூ ஆலையில் வேலை செய்துகொண்டே லாஸ்டர்களின் கை அசைவுகளைக் கவனித்து, பிடித்து, இழுத்து, மடித்து, ஆணி அடிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1883 மார்ச் 20-ல் காப்புரிமை கிடைத்தது. தேர்ந்த கை லாஸ்டர் ஒரு நாளில் சுமார் 50 ஜோடி முடிப்பார். மேம்படுத்தப்பட்ட எந்திரம் நாளைக்கு 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. மாட்செலிகர் காசநோயால் 1889-ல், 36 வயதில் இறந்தார். அவருடைய எந்திரத்தின் பெரும் லாபத்தைக் கண்டவர்கள் வேறு ஆட்கள்.

வெல்ட் ஷூவுக்கு லாஸ்டிங் ஒரே வேலை அல்ல, பல துண்டு வேலைகள். முதலில் இன்சோலை லாஸ்ட்டின் அடியில் இரண்டு மூன்று சிறு ஆணிகளால் நிறுத்துவார்கள். டோவில், அதாவது ஷூவின் முன்நுனியில், டோ பஃப், குதிகாலில் கவுண்டர் ஆகிய விறைப்புத் துண்டுகள் அப்பருக்கும் லைனிங்குக்கும் நடுவே போகும். பிறகு ஈரக் காற்று அல்லது நீராவி அறையில் அப்பரைப் பதப்படுத்த வேண்டும். காய்ந்த தோல் பிடியில் கிழியும். ஊறிப்போன தோல் அளவுக்கு மீறி இழுபட்டு, காய்ந்த பிறகு சுருங்கும், அல்லது கிரெய்ன் எனும் தோலின் மேற்பரப்பு வெடிக்கும். வெயில் காலத்தில் மின்விசிறிக்கு நேரே அப்பர்களை அடுக்கி வைத்தால், பதப்படுத்திய பலன் எந்திரத்துக்கு வருமுன்பே போய்விடும்.

அடுத்தது புல்லிங் ஓவர். குறடு போன்ற பிடிகள் டோவிலும் இரு பக்கமும் அப்பரின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்கும். ஆபரேட்டர் நெம்புகோல்களால் இடம் வலம் திருத்துவார். இந்த எந்திரத்தில் வேகத்தைவிடக் கண் முக்கியம். முன்நுனியை மூடும் டோ கேப்பின் கோடு சரியாகக் குறுக்கே நிற்கிறதா, பின் தையல் லாஸ்ட்டின் நடுவில் இருக்கிறதா, இரண்டு ஷூவின் பின்புற உயரமும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் ஆணி இறங்க வேண்டும். பின்புறம் 3 மில்லிமீட்டர் உயர்ந்துபோன ஷூ கணுக்காலைக் கடிக்கும். அதைப் பின்னால் எந்த எந்திரமும் திருத்தாது.

பக்கங்களில் ஸ்டேப்பிள் எந்திரம் வேலை செய்கிறது. அப்பரையும் லைனிங்கையும் இழுத்து ரிப்போடு சேர்த்துக் கம்பி ஸ்டேப்பிள் போடும். ஸ்டேப்பிள் ரிப்பைத்தான் பிடிக்க வேண்டும். இன்சோலைத் துளைத்துக் கால் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. டோவில், வைப்பர் எனப்படும் சூடான தகடுகள் இரு புறமிருந்தும் மூடி வந்து தோலை மடித்து ரிப்பின் மேல் அழுத்தும். பழைய எந்திரங்களில் மடிப்பு விரியாமலிருக்க ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டுவார்கள்; இப்போது பெரும்பாலும் சூட்டில் உருகும் பசை. குதிகாலில் ஆணிகள். லாஸ்ட்டின் அடியிலுள்ள இரும்புத் தகட்டில் மோதி அவற்றின் முனை மடங்கிக்கொள்ளும்.

டோ மடிப்புதான் இங்கே பெரிய சோதனை. அகலமான தோல் குறுகிய வளைவில் அடங்க வேண்டும். மடிப்புகள் பொடிப்பொடியாகச் சீராகப் பரவினால் சரி. இரண்டு மூன்று பெரிய முடிச்சாகக் குவிந்தால், வெல்ட் ஊசி அந்த இடத்தில் வழக்கத்தைவிட இரு மடங்கு தடிமனைச் சந்திக்கும். ஊசி விலகும், நூல் கொக்கியில் விழாது, தையல் விட்டுப்போகும். அப்பரில் மடித்துப் பிடிக்க விடும் தோல் சுமார் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் ஆபத்து. பிடிக்குத் தோல் எட்டாது. எட்டினாலும் ஊசி விளிம்பை ஒட்டியே போகும். இந்தப் பிழை பிறந்த இடம் லாஸ்டிங்கூட அல்ல, கட்டிங் மேசை.

வளைந்த ஊசியின் முன்

இப்போதுதான் ஷூ வெல்ட் எந்திரத்துக்கு வருகிறது. ஆபரேட்டர் ஷூவை அடிப்பக்கம் மேலாகக் கவிழ்த்துப் பிடித்து, குதிகால் தொடங்குமிடத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்து, டோவைச் சுற்றி, எதிர்ப் பக்கக் குதிகால் எல்லையில் நிறுத்துகிறார். எந்திரம் தைக்கும் திசை ஒன்றுதான். ஆகவே ஒரு காலின் ஷூ உள்பக்கத்தில் தொடங்கினால் மறு காலின் ஷூ வெளிப்பக்கத்தில் தொடங்கும். கை தேர்ந்தவருக்கு ஒரு ஷூவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எந்திரத்தில் வழிகாட்டிகள் உண்டே தவிர, ஷூவைத் திருப்புவது முழுக்க மணிக்கட்டின் வேலை. டோவில் திருப்பம் தாமதமானால் தையல் இடைவெளி கூடும், முந்தினால் குறையும்.

எந்திரத்தின் உள்ளுறுப்புகளில் இவை முக்கியம். வட்டத்தின் ஒரு வில்லைப் போல் வளைந்த ஊசி, அதன் முனையருகே கொக்கி. நூலை அந்தக் கொக்கியில் சுற்றிப் போடும் லூப்பர். ரிப்பின் உள்பக்கத்தை ஒட்டி ஷூவை நிறுத்தும் சேனல் கைடு. வெல்ட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் வெல்ட் கைடு. நூலின் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சக்கரம். பிறகு சூடான மெழுகுத் தொட்டி. ஊசி ஒரே வீச்சில் ரிப், லைனிங், அப்பர், வெல்ட் நான்கையும் துளைக்கிறது. வருவது ஒரே நூலாலான சங்கிலித் தையல். அங்குலத்துக்குச் சுமார் 4.

சங்கிலித் தையலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். மெழுகுத் தொட்டி இருப்பது இதற்காகவும்தான். ரெசின் கலந்த மெழுகு சூடாக நூலில் ஏறி, தைத்த உடனே ஆறி, கண்ணியைத் துளைக்குள் உறையவைத்து ஓட்டையையும் அடைத்துவிடும். காலையில் தொட்டி முழுதாகச் சூடேறுமுன் தைக்கத் தொடங்கினால் நூல் இழுபட்டு அறும். மெழுகு கரியும்வரை சூடாக்கினால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். லினன் நூலாக இருந்தால் நூலும் பலமிழக்கும். இப்போது பாலியெஸ்டர், நைலான் நூல்களே அதிகம். அவை ஈரத்தில் இற்றுப்போவதில்லை. ஆனால் லினன் போல் உப்பித் துளையை அடைப்பதும் இல்லை.

ஊசி ரிப்பின் அடிவாரத்தை ஒட்டிப் போவதுதான் சரி. உயரமாகப் போனால் ரிப்பின் நுனியை மட்டும் பிடிக்கும். சில மாத நடையில் கேன்வாஸ் கிழிந்து, அப்பருக்கும் வெல்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். தாழ்ந்து போனால் இன்சோலின் உடம்பையே கீறும். சேனல் கைடின் உயரமும் ரிப்பின் உயரமும் பொருந்தாதபோது இரண்டில் ஒன்று நடக்கும். ரிப் நாடாவை வேறொருவரிடம் வாங்கத் தொடங்கிய வாரத்தில் வெல்ட் எந்திரத்தில் தொல்லை ஆரம்பித்தால், எந்திரத்தைத் தொடுமுன் நாடாவை அளந்து பார்ப்பது நல்லது.

தையல் விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: மழுங்கிய ஊசி, லூப்பரின் நேரம் பிசகியது, டோ மடிப்பின் குவியல். எல்லா இடத்திலும் சிதறலாக விட்டுப்போனால் லூப்பர் அல்லது ஊசி. டோவில் மட்டும் விட்டுப்போனால் லாஸ்டிங். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் லூப்பரைத் திருகத் தொடங்கினால் நல்ல எந்திரமும் கெட்டுப்போகும். ஊசி மிகச் சிறிதே வளைவு மாறினாலும் அதன் வட்டப் பாதை கைடில் உரசும், அடுத்த சில ஷூவுக்குள் உடையும். உடைந்த நுனி ஷூவில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடாமல் அடுத்த ஷூவை எடுக்கக் கூடாது.

வெல்ட் வார் பொதுவாகச் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், 16 மில்லிமீட்டர் அகலம். கனத்த பூட்ஸுக்கு இன்னும் தடிப்பு. ஒரு பக்கம் சாய்வாகச் சீவி, தையல் பதியக் கோடு கீறியிருக்கும். ஈரம் காட்டித்தான் ஓட்டுவார்கள். டோவைச் சுற்றும்போது வாரை இழுக்காமல் தாராளமாக விட வேண்டும். இழுத்துத் தைத்தால் வெளி விளிம்பு போதாமல் வார் மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருளும். மழைக்கால பூட்ஸில் அப்பரை ஒட்டி ஒரு முகடு எழும்பிய ஸ்டார்ம் வெல்ட் வரும். அங்கே வாரின் முகம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது கூடுதல் வேலை.

தைத்த பிறகு, ரிப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அப்பர், லைனிங், வெல்ட் மிச்சங்களைச் சுழலும் கத்தி வெட்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் நூலே அறும்; இது வெளியில் தெரியாது, போட்டு நடப்பவருக்குத்தான் தெரியவரும். பின்னர் வெல்ட் அடிக்கும் எந்திரம். சிறு சுத்தியல்கள் வாரை வெளிப்புறமாகத் தட்டித் தட்டையாக்கும். டோ வளைவில் வார் விரிந்துகொடுக்க ஒரு கத்தி அதன் விளிம்பில் சிறுசிறு சாய்வு வெட்டுகள் போடும்.

சோல் பக்கம்

ரிப் சுற்றி எழும்பி நிற்பதால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் வளைவுப் பகுதிக்கு ஷேங்க் எனும் எஃகு அல்லது மரத் தாங்குபட்டை வைத்து, மீதியைக் கார்க் கலவையால் நிரப்புவார்கள். நிரப்பல் ரிப்பின் மட்டத்துக்கு வர வேண்டும். குறைந்தால் சோல் நடுவில் அமுங்கும். பிசின் அதிகமான கலவை சூட்டில் நகர்ந்து முன்பாதத்தின் கீழ் கட்டிகட்டியாகும். புது ஷூ நடக்கும்போது கிறீச்சிட்டால் ஷேங்க் இறுகாமல் ஆடுவது முதல் சந்தேகம். குத்தியிருந்த இன்சோல் ஆணிகளை எல்லாம் இந்தக் கட்டத்துக்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டும்.

ஈரப்பதம் ஏற்றிய தோல் சோலைப் பசையிட்டு அழுத்தும் எந்திரம், பிறகு ரஃப் ரவுண்டிங். இது சோலையும் வெல்ட்டையும் சேர்த்து ஒரே வடிவில் வெட்டி, சோலின் அடியில் தையல் மறைவதற்கான கீறலையும் போடும். கைடு, அப்பரும் வெல்ட்டும் சேரும் மடிப்பில் உரசிக்கொண்டு போவதால் ஓர அகலம் சீராக வரும். ரிப் ஒட்டும்போது 2 மில்லிமீட்டர் விலகிய அந்த ஷூ இங்கேதான் பிடிபடும்: ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து.

வெளித் தையல் எந்திரத்தில் வளைந்த ஊசியோடு ஒரு குத்தூசியும் உண்டு. குத்தூசி துளை போட்டு, ஷூவை ஒரு தையல் அளவு நகர்த்திவிட்டு விலகும். அந்தத் துளையிலேயே ஊசி இறங்கும். இது இரண்டு நூல் கொண்ட பூட்டுத் தையல். மேல் நூலும் ஷட்டில் நூலும் தடிமனின் நடுவில் கொக்கிக்கொள்ள வேண்டும். இழுவை ஒரு பக்கம் கூடினால் முடிச்சு வெல்ட்டின் மேலேயோ சோலிலோ புள்ளி புள்ளியாக வெளியே தெரியும். சோலில் தெரிவது இன்னும் கெடுதல். தேயும்போது முதலில் அறுபடும். பூட்ஸில் அங்குலத்துக்கு 6, 7 தையல், மெல்லிய ஷூவில் 10 அல்லது அதற்கு மேல். நெருக்கமான தையல் அழகு என்று காய்ந்த, மெல்லிய வெல்ட்டில் அளவுக்கு மீறி அடுக்கினால் வார் தபால்தலையின் ஓரம்போல் துளைத்துளையாகிக் கிழியும். குத்தூசி நூலைவிட மிகத் தடித்திருந்தால் மெழுகு துளையை நிரப்பாது, தண்ணீர் ஏறும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கீறலை ஒட்டி மூடுவது, உருளையால் சோலைத் தட்டையாக்குவது, குதிகால் ஆணி அடிப்பது, குதிகாலைச் சீவுவது. சோலின் ஓரத்தை, அதிவேகத்தில் சுழலும் பல்கத்தியில் ஷூவைக் கையில் பிடித்தபடி வெட்டுகிறார்கள். அந்தக் கத்தி அப்பரை ஒருமுறை தொட்டால் அதுவரை நடந்த அத்தனை வேலையும் வீண். அதனால் இந்த இருக்கைக்குப் புது ஆளை யாரும் அனுப்புவதில்லை. சூடான இரும்பால் மெழுகு தேய்த்து ஓரத்தை மூடுவது, அடியை உப்புத்தாளால் தேய்ப்பது எல்லாம் இதற்குப் பிறகு. சோலின் நடுவில் குறுகிய இடுப்புப் பகுதியைத் தேய்க்கும் எந்திரத்துக்கு நாம்கீக் என்று பெயர். மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரின் பழங்குடிப் பெயர் அது. நம்மூர் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாடகைக்கு மட்டும்

இந்த எந்திரங்களை நெடுங்காலம் யாரும் விலை கொடுத்து வாங்க முடியவில்லை என்பது இந்தத் தொழிலின் விசித்திரம். 1899-ல் குட்இயர், மெக்கே, லாஸ்டிங் எந்திர நிறுவனங்கள் இணைந்து யுனைடெட் ஷூ மெஷினரி உருவானது. மாசசூசெட்ஸின் பெவர்லியில் தொழிற்சாலை. இங்கிலாந்தின் லெஸ்டரில் பிரிட்டிஷ் யுனைடெட். முக்கிய எந்திரங்களைக் குத்தகைக்கு மட்டும் தந்தார்கள். 17 ஆண்டுக் குத்தகைகூட உண்டு. எந்திரத்தில் பொருத்திய எண்ணி, தைத்த ஜோடிகளைக் கணக்கிடும்; அதற்கேற்பக் கட்டணம். எங்கள் எந்திரத்தோடு மற்றவர் எந்திரத்தைச் சேர்த்து ஓட்டாதே என்ற வகை நிபந்தனைகளும் இருந்தன. அவற்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-ல் சட்டவிரோதம் என்றது. 1953-ல் நீதிபதி வைசான்ஸ்கி, எந்திரங்களை விற்பனைக்கும் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அதுவும் போதாது என்றது.

ஏகபோகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் குத்தகை முறை தொழிலுக்கு ஒரு நன்மையும் செய்தது என்பதை மறுக்க முடியாது. சிறு முதலீட்டுக்காரரும் ஆலை தொடங்க முடிந்தது. பழுது பார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு, தனிக் கட்டணம் இல்லை. எந்திரம் நின்றால் அவர்களுக்கும் வருமானம் நிற்கும். அதனால் நிற்காத எந்திரமாகச் செய்தார்கள். தடித்த வார்ப்பிரும்பு உடலோடு பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த அந்த எந்திரங்கள் இன்றும் புதுப்பிக்கப்பட்டு இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் ஷூ ஆலைகளில் ஓடுகின்றன. மறு பக்கம், பழுது பார்க்கும் அறிவு ஆலைக்குள் வளரவே இல்லை. லெஸ்டர் நிறுவனம் 2000-ல் நொடித்துப்போனபோது ஆலைகளுக்கு இந்தக் குறை உறைத்தது. உதிரி பாகம் வேண்டுமென்றால் பழைய எந்திரத்தைப் பிரித்து எடுக்க வேண்டும், அல்லது கேம் என்ற அசைவு தரும் சக்கரத்தையும் லூப்பரையும் அளந்து புதிதாகக் கடைய வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, சென்னை வட்டாரத்து ஏற்றுமதி ஆலைகளில் பெரும்பாலானவை சோலை ஒட்டும் முறையில்தான் ஷூ செய்கின்றன. வெல்ட் வரிசை வைத்திருப்பவை குறைவு. தோலை வெட்டும் கட்டிங்கும், அப்பர் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் குளோசிங்கும் இரண்டு முறைக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒட்டு முறையில் லாஸ்டிங்குக்குப் பின் தோலைச் சுரண்டி, பசை தடவி, சூடேற்றி அழுத்தினால் முடிந்தது. வெல்ட் வரிசையில் அந்த இடத்தில் குறைந்தது ஏழெட்டு எந்திரங்கள் வந்து நிற்கும். கிடைக்காதவர்கள், அந்த எந்திரங்களின் நேரத்தைக் காதால் கேட்டே திருத்தத் தெரிந்த மெக்கானிக்குகள்.

செய்த வேலையின் தரம் முழுதாக வெளிப்படுவது ஷூ முதல்முறை பிரிக்கப்படும் நாளில். வெளித் தையலை அறுத்துச் சோலை எடுத்ததும் கார்க், ஷேங்க், ரிப் மூன்றும் கண் முன்னே இருக்கும். ரிப்பை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் மீண்டும் ஒட்டியாக வேண்டும். கார்க் நொறுங்கியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிது. வெல்ட்டில் பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளை விழுந்தால் வார் ஒவ்வொரு சோலுக்கும் மெலியும். இரண்டு மூன்று சோலுக்குப் பிறகு வெல்ட்டையே மாற்ற வேண்டிவரலாம். அதை எந்திரத்தில் செய்ய வேண்டுமானால் ஷூ மறுபடி அதன் லாஸ்ட்டின் மேல் ஏற வேண்டும், அதே அளவு, அதே வடிவம். தெருமுனையில் சோல் மாற்றுபவரிடம் அது இருக்காது. செய்த ஆலையின் அலமாரியில்தான் இருக்கும்.